ஐந்து நிமிடப் பின்னல்

காலையில் தலைமுடிக்கென்று மங்கையர்க்கரசியால் ஒதுக்க முடிந்தது மொத்தம் பத்து நிமிடம். ஐந்து மகளுக்கு, ஐந்து தனக்கு. குகட்பள்ளி வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், குக்கர் அடங்குவதற்குள் வர்ஷினிக்கு ரெட்டைச் சடை போட்டு, மடித்து ரிப்பன் கட்டி, கீழே அனுப்பிவிட வேண்டும். பள்ளி வேன் இரண்டு ஹாரனுக்கு மேல் நிற்காது. அதன்பின் தன் முடியை ஒருவழியாக்கிக்கொண்டு மெட்ரோவுக்கு ஓடி, அமீர்பேட்டில் வண்டி மாறி, பேகம்பேட்டில் இருக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கு ஒன்பதரைக்குள் போய்ச் சேர வேண்டும்.

அந்த முடி லேசில் ஒருவழியாகிற முடியில்லை. இடுப்புக்குக் கீழே ஒரு சாண் தொங்கும். அடர்த்தி வேறு. வெட்டிக்கொள்ளச் சொல்லாத ஆள் இல்லை. அவளுக்கு அதில் பெருமையும் கிடையாது, பாரமும் கிடையாது. அது பாட்டுக்கு வளர்ந்தது. அவள் பாட்டுக்குச் சமாளித்தாள். கண்ணாடி பார்க்காமல் நாலுகால் பின்னல் போடுவாள். ரப்பர் பேண்ட் அறுந்துபோனால் கடைசி இழையையே சுற்றி முடிந்துகொள்வாள். முடி முழுக்கக் காயாத நாளில் அதை இரண்டு காலாகப் பிரித்துக் கயிறுபோல் முறுக்கி மேலே ஏற்றினால் சாயங்காலம்வரை அசையாது என்பதெல்லாம் அவள் தானாகக் கண்டுபிடித்தது.

அலுவலகத்தில் அவளுக்குப் பக்கத்து மேசை சபீனா. ரயில்வே ஒர்க்‌ஷாப் குடும்பம், மூன்று தலைமுறையாக லாலாகுடாவில். ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவும் இடத்தில் அரசி அவிழ்ந்த சடையை மறுபடி பின்னி முடித்ததைப் பார்த்து, "யக்கா, இன்னொருக்கா போடுங்க, என் தங்கச்சிங்களுக்கு அனுப்பறேன்" என்று போனை எடுத்தாள். அந்தத் தங்கைகள் யார் யாருக்கோ அனுப்பினார்கள். ஒரு மாதத்தில் முன்பின் தெரியாத பெண்கள் அரசியிடம் வேறென்ன பின்னல் தெரியும் என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

சேனல் தொடங்கலாம் என்றது அவள் கணவன் கிரி. மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே. எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். வட்ட விளக்கும் போன் நிறுத்தும் கம்பியும் வாங்கி வந்தான். 'ஐந்து நிமிடப் பின்னல்' என்று பெயர் வைத்ததும் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் படுக்கையறை பீரோவின் முன்னால் ஸ்டூல் போட்டு அவள் உட்கார்ந்துகொள்வாள். அவன் படம் பிடிப்பான். வெட்டி ஒட்டி ஏற்றுவதும் அவன் பொறுப்பு.

முதல் ஒரு வருடம் அவள் கமெண்டுகளை எல்லாம் படித்தாள். தொப்பிக்குள் அடங்கும்படி ஒரு பின்னல் சொல்லுங்கள் என்று கேட்ட செவிலியர், ஹெல்மெட் போட்டால் கலையாத சடை கேட்ட கல்லூரிப் பெண். மெட்ரோவில் நின்றபடியே பதில் எழுதுவாள். ஒருநாள் கிரி சொன்னான்: "இப்பல்லாம் கண்டவனும் வந்து எழுதறான் அரசி. நீ அதைப் பார்த்து மனசைக் கெடுத்துக்காத. நான் பார்த்துக்கறேன்."

அவளுக்கு அது பெரிய உதவியாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சில மாற்றங்கள் வந்தன. பின்னும்போது பேச வேண்டாம், சத்தம் தொந்தரவாக இருக்கிறதாம் என்றான். முகம் வேண்டாம், முதுகுப்புறமாகத் திரும்பி உட்கார் என்றான். தலைக்குக் குளித்த ஈரத்தோடு எடுக்கலாம் என்றான். பின்னி முடித்ததும் மெதுவாக அவிழ்த்துக் காட்டு என்றான்.

"அஞ்சு நிமிஷப் பின்னலுக்கு அவிழ்க்கவே அஞ்சு நிமிஷமா? எதுக்குங்க?"

"பார்க்கறவங்க கேட்கறாங்க."

பார்க்கிறவர்கள் என்றால் அவள் மனதில் வந்தவர்கள் அந்தச் செவிலியரும் கல்லூரிப் பெண்ணும்தான். கேட்டால் செய்துவிட வேண்டியதுதானே என்று செய்தாள். டிசம்பர் மாதத்துக் குளிரில் ஒரு ஞாயிறு ஈரத்தலையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்ததில் வாரம் முழுக்கத் தும்மினாள். கிரி இஞ்சி தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தான். வீட்டு வேலையிலும் கை கொடுக்கிறவன் அவன். ஞாயிறுதோறும் குளியலறையைக் கழுவி, ஜல்லடை மூடியைத் திறந்து, அடைத்திருக்கும் முடியை எடுத்துச் சுத்தம் செய்வது அவன் வேலை. அலுவலகத்தில் அவள் இதைச் சொன்னபோது மற்றப் பெண்கள் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள்.

போன பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை. மதியம் அரசி எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். சபீனா வந்து, "யக்கா, கொஞ்சம் படிக்கட்டுப் பக்கம் வாங்க" என்றாள். அவள் முகம் சரியில்லை.

படிக்கட்டில் யாரும் இல்லை. சபீனா போனை நீட்டாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"சொல்லலாமா நக்கோவா, வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். சின்ன தங்கச்சி அனுப்பினா. அவ வீட்டுக்காரர் போன்ல இருந்துச்சாம். பீரோவைப் பார்த்து உங்க வீடுன்னு கண்டுபிடிச்சிட்டா."

பிறகு போனைத் திறந்து காட்டினாள். அது ஒரு குழு. 'கூந்தல் தரிசனம்' என்று பெயர். உள்ளே நான்கு நிமிட வீடியோ. சத்தமே இல்லை. வேகம் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தது. ஒரு பெண்ணின் முதுகு. ஈரம் சொட்டுகிற முடி ஜாக்கெட்டை நனைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கை பின்னால் வந்து, சடையின் முடிச்சை அவிழ்த்து, இழை இழையாகப் பிரிக்கிறது. நடுவில் அந்தக் கை நின்று, பிடரியைச் சொறிந்து, தோளில் நழுவிய துணியை மேலே இழுத்துவிட்டுக்கொள்கிறது. முகம் திரும்பப்போகும் நொடியில் வெட்டு.

கீழே நூற்றுக்கணக்கில் ஆண்களின் பெயர்கள். வாசனை இங்கே வருகிறது என்று ஒருவன் எழுதியிருந்தான். இன்னும் மெதுவாக என்று ஒருவன். சொறிகிற இடம்தான் உயிர் என்று ஒருவன். அதற்கு எண்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

"நம்ம சேனல்ல இருந்து திருடியிருக்கானுங்க யக்கா. கம்ப்ளெயிண்ட் குடுப்போம்."

அரசி அதை இன்னொரு தடவை பார்த்தாள். அந்தச் சொறிதல் சேனலில் கிடையாது. அன்றைக்கு எடுத்து முடித்ததும், "சொறிஞ்சது அசிங்கமா இருக்கும், அதை வெட்டிடுங்க" என்று அவளே கிரியிடம் சொன்னாள். அவன் வெட்டியும் விட்டான். ஏற்றியபோது அந்த இடம் இல்லை. வெட்டிய துண்டு ஒரே ஒருவனிடம்தான் இருந்தது.

கழிப்பறைக்குப் போனாள். சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. குனிந்தபோது சடை முன்னால் சரிந்து விழுந்தது. பழக்கத்தில் அதைக் கையால் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையில் அந்த வழவழப்பு பட்டதும் மறுபடி குமட்டியது. விட்டுவிட்டாள். நுனி தொட்டியின் விளிம்பில் உரசியது. பரவாயில்லை என்று தோன்றியது.

அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டரை. கிரி அன்று அலுவலகம் போயிருந்தான். வீடியோ வேலைக்கென்று வைத்திருக்கும் மடிக்கணினி மேசையில் இருந்தது. கடவுச்சொல் வர்ஷினி பிறந்த தேதி.

தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவன் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் வைத்திருந்தான். ஞாயிறுவாரியாகக் கோப்புறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் 'சேனல்' என்று ஒன்று, 'மற்றவை' என்று ஒன்று. மற்றவைதான் பெரிது. அவள் ஸ்டூலில் உட்காருவதற்கு முன் துண்டை அவிழ்த்து உதறியது, சீப்பில் சுற்றிய முடியை உருவி எடுத்தது, முடி சிக்கிக்கொண்டு அவள் 'ஸ்ஸ்' என்றது. எல்லாம் தனித்தனித் துண்டுகள்.

அப்புறம் மின்னஞ்சல் கடிதங்கள். ஆங்கிலம், இந்தி, கொஞ்சம் தமிழ். தேதியோடு படிக்கப் படிக்க, கடந்த ஒன்றரை வருடத்தில் கிரி அவளிடம் சொன்ன ஒவ்வொரு சொல்லும் முதலில் வேறொருவன் எழுதியதாக இருந்தது. அவள் குரல் மனநிலையைக் கெடுக்கிறது என்று ஒருவன் எழுதியிருந்தான். அடுத்த ஞாயிறு பேச வேண்டாம் என்று கிரி சொல்லியிருக்கிறான். டிசம்பரில் ஒருவன், 'குளித்தவுடன், தண்ணீர் சொட்டும்போதே' என்று கேட்டிருந்தான். அவள் தும்மிய வாரம் அது. 'மேடம் இப்படி உட்கார்ந்ததற்கு நன்றி, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்' என்று அவனே பிறகு எழுதியிருந்தான். கிரி கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பியிருந்தான்.

இன்னும் கீழே ஒரு கடிதம். 'கடைசியாக வந்த பொட்டலத்தில் வாசனை மாறியிருக்கிறது. எண்ணெய் மாற்றிவிட்டாரா?'

அவளுக்கு முதலில் புரியவில்லை. பொட்டலம் என்றால் என்ன? கிரியின் பதிலைப் படித்தாள். 'ஆமாம், மன்னிக்கவும். அடுத்த முறை பழைய எண்ணெய்.'

ஆகஸ்ட் மாதம் அவள் நல்லெண்ணெய்க்கு மாறியிருந்தாள். இரண்டு வாரத்தில் கிரி பழைய தேங்காயெண்ணெய் பாட்டிலோடு வந்து, "உனக்கு இதுதான் ஒத்துக்கும் அரசி, நல்லெண்ணெய் குளிர்ச்சி, சளி பிடிக்கும்" என்று ஸ்டாண்டில் வைத்தான். தன் தலைக்கு எது ஒத்துக்கொள்ளும் என்றுகூட யோசிக்கிற புருஷன் என்று அன்றைக்கு அவள் மனம் குளிர்ந்து போனாள்.

எழுந்து அவனுடைய அலமாரியைத் திறந்தாள். சட்டைகளுக்குப் பின்னால், பழைய ஷூ டப்பாவில், உணவு வைக்கும் ஜிப் கவர்கள். ஒவ்வொன்றின் மேலும் தேதி, அவனுடைய குண்டு குண்டான கையெழுத்தில். உள்ளே சின்னக் குருவிக்கூடு மாதிரிச் சுருட்டி வைத்த முடி. குளியலறை ஜல்லடையிலிருந்து எடுத்து, அலசி, காயவைத்து, சுருட்டியது. ஒன்றில் சோப்பு நுரை வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. ஜிப்பைத் திறக்கவில்லை. திறக்காமலே அந்தத் தேங்காயெண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. தன் தலையணை வாடைதான் அது. பிணத்தைத் தொட்டவள்போல் கையைச் சேலையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. பொட்டலம் கேட்டவனே போன மாதம் எழுதியிருந்தான்: 'உங்கள் மகளுக்கும் அம்மாவைப் போலவே முடியா? அவளையும் வீடியோவில் காட்டுவீர்களா?'

கிரி பதில் போட்டிருந்தான். 'இப்போது வேண்டாம்.'

அவள் அந்தப் பதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று மட்டும் எழுதியிருந்தால், அல்லது பதிலே போடாமல் அந்த ஆளை விரட்டியிருந்தால், அன்றைக்குச் சாயங்காலம் வேறு மாதிரிப் போயிருக்குமோ என்னவோ.

நான்கரைக்கு வர்ஷினி வந்தாள். பன்னிரண்டு வயது. வீட்டில் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பெண். அம்மா வீட்டில் இருப்பதைப் பார்த்து, "ஏமய்யிந்தி, ஜுரமா?" என்று நெற்றியில் கை வைத்தாள். ஒன்றுமில்லை என்று அரசி அவளுக்குப் பால் கலந்து கொடுத்து, இரண்டாம் மாடியில் இருக்கும் லூர்துமேரி டீச்சர் வீட்டுக்குப் புத்தகப் பையோடு அனுப்பிவைத்தாள். கூப்பிடுகிறவரை மேலே வர வேண்டாம் என்று சொன்னாள்.

கிரி வந்தபோது மணி ஆறரை. சாப்பாட்டு மேசையில் கவர்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் திறந்த மடிக்கணினி. அவன் பார்த்தான். திடுக்கிடவில்லை. செருப்பைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்துவிட்டு வந்தான்.

"இதை எதுக்கு எடுத்த?"

"இது என்னங்க?"

"உட்காரு. சொல்றேன். கோபப்படாம கேளு."

"என்னன்னு கேட்டேன்."

"முடி. தூக்கிப் போடற முடி, அரசி. சாக்கடைக்குப் போறது. அதைக் கேட்கறவன் இருக்கான், குடுத்தேன். சும்மாவா குடுத்தேன்? இதுல உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

அவள் பேசாததை அவன் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அலுவலகக் கூட்டத்தில் விளக்குகிறவன்போல் சொல்ல ஆரம்பித்தான்.

"சேனல் ஆரம்பிச்ச ஒரு வருஷம் எங்க நின்னுச்சுன்னு உனக்கே தெரியும். பொம்பளைங்க பார்ப்பாங்க, கத்துக்குவாங்க, போயிடுவாங்க. திரும்பி வர்றது இவனுங்கதான். நான் பார்த்துப் பார்த்துத்தான் பண்ணியிருக்கேன். ஒரு இடத்துலகூட உன் முகம் இல்ல. ஒரே ஒரு ஃபிரேம் காட்டு பார்க்கலாம். உன் பேரு இல்ல, ஊரு இல்ல. இத்தனைக்கும் எல்லாம் டீசன்டான ஆளுங்க. ஒருத்தர் டாக்டர்."

பாராட்டுக்குக் காத்திருப்பவன்போல அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றாள் அரசி. "நீங்களும் அவங்கள்ல ஒருத்தரா?"

கிரியின் முகம் சுளித்தது. நிஜமான சுளிப்பு. பல்லியை மிதித்தவன் முகம்.

"சீ! என்னை என்ன நினைச்ச? அந்தக் கேவலமான ஜென்மங்களோட என்னைச் சேர்க்காத. அவனுங்க எழுதறதைப் படிக்கும்போதே எனக்கு வாந்தி வரும்."

அதுவரைக்கும்கூட அவளுக்குள் ஒரு மூலையில் ஒரு சந்தேகம் இருந்தது. இவனுக்கும் அப்படி ஏதோ ஒரு கோளாறு, சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இப்படிப் போய்விட்டான் என்று நினைக்க இடம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எது அசிங்கம் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. வாந்தி வருகிற இடத்துக்கு ஞாயிறு தவறாமல் அவளை அழைத்துப் போய், ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, விளக்கைச் சரிசெய்து, "கொஞ்சம் இடதுபக்கம் திரும்பு" என்று சொல்லியிருக்கிறான். அவன் விரல் எத்தனை தடவை அவள் கழுத்தில் பட்டு முடியை ஒதுக்கிவிட்டிருக்கிறது! அதெல்லாம் பிரியம் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பதினான்கு வருடத்தில் முதல்முறையாக அவள் அவனை ஒருமையில் பேசினாள்.

"அவனுங்களைப் பார்த்தா உனக்கு வாந்தி வருது. எனக்கு அவனுங்களைப் பார்த்து வரல. உன்னைப் பார்த்து வருது."

"அரசி, வார்த்தையை விடாத."

"இப்போ வேண்டாம்னு எழுதியிருக்கியே. அப்போ எப்போ?"

அவனுக்குச் சட்டென்று புரியவில்லை. மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினாள். படித்தான். முதல்முறையாக அவன் காது மடல் சிவந்தது.

"அது... அந்த ஆளைச் சமாளிக்கறதுக்கு. பழைய ஆளு. பட்டுனு முறிச்சுப் பேசினா போயிடுவான். அப்படி ஒண்ணு நான் செய்வேனா? அவ என் பொண்ணு."

"நானும் உன் பொண்டாட்டிதான்."

வெளியே படிக்கட்டில் யாரோ ஏறிப்போகும் சத்தம் கேட்டது. அந்த நேரத்திலும் அவன் கவர் ஒன்றின் சுருங்கிய மூலையை விரலால் நீவிச் சரிசெய்துகொண்டிருந்தான். அவன் அறியாமல்தான் செய்தான். அதைப் பார்த்தபோது அவளுக்கு மேலே பேச எதுவும் இல்லாமல் போயிற்று.

"எந்திரி. துணி எடுத்துக்கிட்டுக் கிளம்பு. இந்த லேப்டாப்பும் கவரும் இங்கயே இருக்கட்டும்."

"எங்க போறது?"

"எங்கயோ போ. வர்ஷினி மேல வர்றதுக்குள்ள."

அவன் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தான். கெஞ்சினான், பிறகு கத்தினான், பிறகு வீட்டு வாடகை ஒப்பந்தம் தன் பெயரில் இருப்பதைச் சொன்னான். அவள் போனை எடுத்துச் சபீனாவைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தாள். "ஹாங் யக்கா, சொல்லுங்க" என்ற குரல் கேட்டதும் கிரி எழுந்துவிட்டான். இன்னொரு ஆளுக்குத் தெரிந்திருக்கிறது என்பதை அவனால் தாங்க முடியவில்லை. பையில் துணியைத் திணித்துக்கொண்டு போனான்.

மறுநாள் சபீனாவோடு சைபர் புகார் கொடுக்கப் போனாள். புகார் எழுதியவர் ஒரு பெண் அதிகாரி, அவள் வயதுதான் இருக்கும். அரசி தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து சொல்லிக்கொண்டே வந்தாள். முடி, முடி என்று எத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தது! ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல் வாயில் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் மாறியதைப் பற்றிச் சொன்ன இடத்தில் அந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எதிரில் இருந்த டீயைத் தள்ளி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி எழுதினார். மடிக்கணினியையும் கவர்களையும் வாங்கி முத்திரை போட்டார்கள்.

பத்து நாளில் அந்தக் குழு காணாமல் போயிற்று. வேறு பெயரில் இன்னொன்று வந்திருப்பதாகச் சபீனா சொன்னாள். அவளுடைய தங்கை, புருஷனின் போனை வாங்கிச் சுவரில் அடித்துவிட்டாளாம். "அம்மா வீட்டுக்கு வந்துட்டா. பெரியவங்க எல்லாம் சமாதானம் பேசறாங்க. கைக்கு, எதுக்கு இவ்ளோ பேசணும், வீடியோதானே பார்த்தான்னு சொல்றாங்க யக்கா."

அரசி வீட்டிலும் அதே பேச்சு வந்தது. திருச்சியிலிருந்து மாமனார் செல்லப்பா பேசினார். கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாதவர்.

"தண்ணி கிடையாது, சீட்டு கிடையாது, வேற பொம்பளை சகவாசம் கிடையாது. ஒரு தப்பு பண்ணிட்டான். அழறான்மா. முடியைத்தானே வீடியோ எடுத்தான்?"

"மாமா, அவர் உங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னாரா?"

"சொன்னானே."

"குளிக்கிற ரூம் ஜல்லடையில இருந்து எடுத்துக் காயவச்சு அனுப்பினதைச் சொன்னாரா? வாங்கினவனுக்கு வாடை பிடிக்கலைன்னு எனக்கு எண்ணெய் மாத்தினதைச் சொன்னாரா?"

மறுமுனையில் தொலைக்காட்சியில் யாரோ செய்தி வாசிப்பது மட்டும் கேட்டது.

"இதை உங்க அத்தைகிட்ட சொல்லிடாதம்மா" என்றார் கடைசியில்.

"நான் சொல்லல. உங்க பையனே சொல்லட்டும்" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

மகளிடம் அவள் மறைக்கவில்லை. அம்மாவுடைய வீடியோக்களை அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் கெட்டவர்களுக்குக் கொடுத்தார் என்று அளவாகச் சொன்னாள். மறுநாள் காலை அரசி சீப்போடு அவள் பின்னால் வந்து நின்றாள். கை மேலே போகவே இல்லை. அந்தக் கருகரு முடியைத் தொட்டால் தன்னிடமிருந்து ஏதோ அதில் ஒட்டிக்கொள்ளும்போல இருந்தது. வர்ஷினி கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "நாக்கு தெலுசும்மா, நேனே வேஸ்குண்டா", தனக்கே பின்னத் தெரியும் என்று சொல்லி, சீப்பை வாங்கித் தானே பின்னிக்கொண்டாள். வகிடு கோணலாக இருந்தது. ஒரு சடை மேலே, ஒன்று கீழே. அப்படியே போனாள்.

தன் தலையை அரசி கொண்டையாகச் சுருட்டி, துணிக்கவ்வி போன்ற பெரிய கிளிப்பால் நெருக்கிவிடுவாள். பார்க்காமல், தடவாமல். ஒரு சனிக்கிழமை வெட்டிவிடுவது என்றே கிளம்பி, தெருமுனை அழகு நிலையத்தில் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெண் கிளிப்பை எடுத்ததும் வாய்பிளந்து, "மேடம், இவ்ளோ முடியா!" என்று அள்ளிக் கையில் நிறுத்துப் பார்த்தாள்.

"வெட்டின முடியை என்ன பண்ணுவீங்க?"

"வித்துடுவோம் மேடம். நீளமா இருந்தா நல்ல கிராக்கி. ஆளே வந்து வாங்கிட்டுப் போவான்."

அரசி கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அன்று காலை பதினோரு மணிக்கு வீட்டில் யாரும் இல்லை. வர்ஷினி சிறப்பு வகுப்புக்குப் போயிருந்தாள். அரசி போனில் தன் சேனலைத் திறந்தாள். போலீஸ் வேண்டியதைப் பதிவு செய்துகொண்டார்கள். இனி அழிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். நூற்று நாற்பத்திரண்டு வீடியோக்கள். மொத்தமாக அழிக்க வழி இருந்தது. அவள் ஒவ்வொன்றாக அழித்தாள். புதியதிலிருந்து பின்னோக்கிப் போனாள். முதுகு, முதுகு, முதுகு. நடுநடுவே கண்ணில் படும் கமெண்டுகளைப் படிக்காமல் விரலால் தள்ளிக்கொண்டே வந்தாள்.

மீன்வால் பின்னல் வீடியோவில் விரல் நின்றது. பத்து மாதம் முன்பு போட்ட கமெண்ட். கமலா என்று பெயர். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலையாம்.

'அக்கா முன்னாடி மாதிரி பேசிக்கிட்டே போடுங்க அக்கா. இதுல எந்தக் கால் எது மேல போகுதுன்னே தெரியல. மெஷின்ல முடி மாட்டிக்கும்னு சூப்பர்வைசர் திட்டுறார். ஏழு மணிக்கு ஷிப்ட். பதில் போடுங்க அக்கா.'

இரண்டு வாரம் கழித்து அவளே மறுபடி: 'அக்கா?'

யாரும் பதில் போடவில்லை. பொட்டலம் கேட்டவனுக்கு ஒரு மணி நேரத்தில் பதில் போட்டவன், இவளைப் பத்து மாதமாகத் திரும்பிப் பார்க்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பிறகு உட்கார்ந்து தட்டச்சு செய்தாள்.

'கமலா, இந்த வீடியோவை எடுக்கப்போறேன். இனிமே வீடியோ வராது. எழுதறேன், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோ. முடியை ரெண்டாப் பிரிச்சுக்கோ. வலது பாதியோட வெளி ஓரத்துல இருந்து சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு இழை எடு. அதை மேலாகக் கொண்டுவந்து இடது பாதியோட உள்பக்கம் சேர்த்துடு.'

அடுத்தது கீழாகவா மேலாகவா என்று ஒரு கணம் குழம்பியது. இத்தனை வருடம் கை செய்ததைச் சொல்லால் செய்ய வரவில்லை. கிளிப்பை எடுத்து முடியை முன்னால் போட்டாள். ஒட்டிய இழைகளைப் பிரித்து ஒரு சுற்றுப் போட்டுப் பார்த்தாள். மேலாகத்தான். முடியை உடனே பின்னால் தள்ளிவிட்டு எழுந்துபோய், சோப்புப் போட்டுக் கையை முழங்கைவரை கழுவினாள். துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து எழுதினாள்.

'அதே மாதிரி இடது ஓரத்து இழையை எடுத்து மேலாக வலது பக்கம். மாத்தி மாத்தி. நுனியை உள்ள மடிச்சுக் கட்டிடு, மெஷின்ல மாட்டாது. பழகிட்டா நாலு நிமிஷம்தான் ஆகும்.'

அனுப்பினாள். கமலா பார்க்க இரண்டு நாள் விட்டுவைக்கலாம் என்று அந்த ஒரு வீடியோவை மட்டும் தாண்டி, அடுத்ததை அழித்தாள்.